அப்பன் செத்த மகரந்தம்: மைட்டோகாண்ட்ரியாவும் மக்காச்சோளமும்

ஆண் மலட்டுத்தன்மை என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது கோவேறு கழுதை. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, இரண்டுக்கும் பிறந்ததுக்கு 63. விந்தணு உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும். இங்கே ஜோடி சரியாக அமையாமல் வேலை பாதியில் நின்றுபோகிறது. இது சுலபமாகப் புரிகிற கேஸ்.

நான் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருப்பது வேறொன்று. செடி நன்றாக வளர்கிறது, பூக்கிறது, பக்கத்துச் செடியின் மகரந்தம் விழுந்தால் விதையும் பிடிக்கிறது. ஆனால் அதன் சொந்த மகரந்தம் மட்டும் செத்துக் கிடக்கிறது. இந்தக் குணம் தாய் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. காரணம், குறை இருப்பது உட்கருவில் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவில்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு என்பது பள்ளிப் பாடம். பெரும்பாலான செடிகளில் அது சூல் வழியாகத்தான் கடத்தப்படுகிறது, மகரந்தத்தோடு போவதில்லை. இப்போது மைட்டோகாண்ட்ரியாவின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். மகரந்தத்துக்குச் செலவாகும் சத்தெல்லாம் அதைப் பொறுத்தவரை தண்டச்செலவு. மகரந்தத்தைக் கெடுத்து, மிச்சமான சத்தில் நாலு விதை கூடுதலாகக் கிடைக்க வைக்கும் ஒரு மாற்றம் அதற்கு லாபம்தான். தைம் செடிகளில் சில வெறும் பெண்ணாகவே இருப்பதையும், அவை அதிக விதை கொடுப்பதையும் டார்வின் 1877 புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். உட்கரு சும்மா இருக்குமா? அதன் மரபணுக்களுக்கு மகரந்தமும் ஒரு வாசல். அதனால் மைட்டோகாண்ட்ரியாவின் சேட்டையை அடக்கும் மீட்பு மரபணுக்கள் உட்கருவில் உருவாகின்றன. ஒரே செல்லுக்குள் மாமியார் மருமகள் சண்டை!

விலங்குகளிலும் இதன் சாயல் உண்டு. பழ ஈயின் மைட்டோகாண்ட்ரியாவில், சைட்டோகுரோம் பி என்ற புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் ஆண் ஈ மலடாகிறது. பெண் ஈ வழக்கம்போல முட்டையிடுகிறது. 'தாயின் சாபம்' என்று இந்த வகைக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

சரி, இதனால் விவசாயிக்கு என்ன? ஹைபிரிட் விதை வேண்டுமென்றால் தாய்ச்செடி தன் மகரந்தத்தால் தானே கருவுறக் கூடாது. மக்காச்சோளத்தில் அதற்காக உச்சியில் இருக்கும் ஆண் பூங்கொத்தை ஒவ்வொரு செடியாகக் கிள்ளி எறிய வேண்டும். அமெரிக்காவில் கோடை விடுமுறையில் பள்ளிப் பையன்களுக்கு இதுதான் சம்பாத்தியம். தானாகவே மலடான தாய்ச்செடி கிடைத்தால் இந்தக் கூலி மொத்தமும் மிச்சம். வெங்காயத்தில் அப்படி ஒரு செடி 1925-ல் கலிஃபோர்னியாவில் கிடைத்தது. வெங்காயத்தில் நாம் சாப்பிடுவது கிழங்கைத்தான் என்பதால் ஹைபிரிட் செடி மலடாகவே இருந்தாலும் பாதகமில்லை. மக்காச்சோளத்தில் மணி பிடிக்க வேண்டுமே! அதனால் அப்பன் செடி மீட்பு மரபணுவைக் கொண்டுவர வேண்டும். டெக்சஸில் கண்டுபிடிக்கப்பட்ட 'டி' வகை சைட்டோபிளாசம் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

அளவுக்கு மீறிப் பொருந்தியது என்றுதான் சொல்ல வேண்டும். 1970-ல் அமெரிக்க மக்காச்சோளத்தில் சுமார் 85 சதவீதம் டி வகை. ரகங்களுக்குப் பல பெயர்கள், விற்பவர்களும் பல பேர். உள்ளே இருந்த மைட்டோகாண்ட்ரியா ஒன்றே. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்தப் படம் பழக்கமானதுதான்: நூறு ஆப், அடியில் ஒரே லைப்ரரி. அந்த ஆண்டு இலைக்கருகல் பூஞ்சையின் புதிய இனம் ஒன்று ஃப்ளோரிடாவில் ஆரம்பித்து வடக்கே பரவியது. நாட்டின் விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதம் போனது. நஷ்டம் சுமார் 100 கோடி டாலர். டி வகைச் செடிகளை இந்த நோய் எளிதில் தாக்குகிறது என்று பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் 1961-லேயே எழுதியிருந்தார்கள். அமெரிக்காவில் அதற்குப் பெரிய மதிப்பு கிடைக்கவில்லை.

மலட்டுத்தன்மையும் நோயும் எப்படிச் சேர்ந்தன என்பதுதான் என்னை அசத்திய பகுதி. டி மைட்டோகாண்ட்ரியாவில் வேறு மரபணுக்களின் துண்டுகள் ஒட்டிக்கொண்டு புதிதாக ஒரு மரபணு உண்டாகியிருந்தது. பெயர் டி-யுஆர்எஃப்13. அதன் புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பூஞ்சையின் நச்சு அந்தப் புரதத்தில் ஒட்டியதும் சவ்வில் ஓட்டை விழுகிறது; செல்லின் மின்சார உற்பத்தி காலி. இதே மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்துப் பார்த்தார்கள். மக்காச்சோளத்துக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது, ஆனாலும் அந்த நச்சு பாக்டீரியாவையும் தாக்கியது!

நச்சே இல்லாதபோது மகரந்தம் மட்டும் ஏன் சாகிறது? புரதம் இலை, வேர் எல்லாவற்றிலும்தான் இருக்கிறது. ஆனால் மகரந்தத்துக்கு ஊட்டம் கொடுக்கும் டபீட்டம் என்ற செல் அடுக்கில், மகரந்தம் உருவாகும் சமயத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கை 20 முதல் 40 மடங்கு ஏறுகிறது. மற்ற இடங்களில் சமாளித்துவிடும் அரைகுறை மைட்டோகாண்ட்ரியா, இந்த உச்ச லோடில் படுத்துவிடுகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மீட்பு மரபணுக்களில் ஒன்று இந்தப் புரதத்தின் அளவைக் குறைக்கிறதே தவிர முழுதாக ஒழிப்பதில்லை. அதனால்தான் மணி பிடித்த ஹைபிரிட் வயலும் நோயிலிருந்து தப்பவில்லை. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் விதை உற்பத்தியாளர்கள் பழையபடி பூங்கொத்து கிள்ளவே திரும்பிவிட்டார்கள்.

நம்மூர்க் கம்புக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. ஜார்ஜியாவிலிருந்து வந்த டிஃப்ட் 23ஏ என்ற மலட்டுத் தாயை வைத்து 1965-ல் எச்பி-1 ஹைபிரிட் வந்தது. 1970-களில் அந்த வரிசை ஹைபிரிட்களை அடிச்சாம்பல் நோய் சூறையாடியது. மக்காச்சோளக் கதையைப் படித்த கையோடு இதற்கும் சைட்டோபிளாசம்தான் காரணம் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் பின்னால் சோதித்துப் பார்த்தபோது அந்தச் சைட்டோபிளாசத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. பலவீனம் 23ஏ-வின் உட்கருவில் இருந்தது. அதனால் உட்கருவை மாற்றினார்கள், மைட்டோகாண்ட்ரியாவை விட்டுவிட்டார்கள். இந்தியாவின் கம்பு ஹைபிரிட்களில் மிகப் பெரும்பாலானவை அதற்குப் பிறகும் அதே ஏ1 சைட்டோபிளாசத்தின் மேல்தான் உருவாக்கப்பட்டிருக்கின்றன.