கூடி வளர்த்த கலை

சேர்வராயன் மலைமீது, ஏற்காட்டில் வாழும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியன் நான். பழைய நினைவுகளுள் ஒன்று இன்னும் என்னை உறுத்துகின்றது.

இம்மலைப் பள்ளியொன்றில் நான் பணியாற்றிய காலம் அது. மாணவன் ஒருவன், மாலையில் கண்ட மலையைக் கருஞ்சிவப்பாகத் தீட்டி எடுத்துவந்தான். “மலைக்கு ஏது இந்த நிறம்?” என்று கேட்டுப் பச்சை வண்ணத்தை அவன் கையில் கொடுத்தேன். அவன் மறுமொழி கூறவில்லை. அதன் பின்னர் எனக்குப் படம் எதையும் காட்டவுமில்லை. நான் கேட்டது கேள்வியன்று. கேள்வியின் வடிவில் வந்த தீர்ப்பு. இதனைப் பல்லாண்டு கழித்து எனக்கு உணர்த்தியது சோழமண்டலம்.

மாணவர்களே, சோழமண்டலம் என்றதும் உங்கள் எண்ணம் தஞ்சைக்குச் செல்லும். நான் கூறுவது, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடற்கரையை ஒட்டி 1966-ஆம் ஆண்டில் தோன்றிய ஓவியர் கிராமத்தை. அதற்கு வித்திட்டவர் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977). அவர் 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தவர். பின்னர்ச் சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர்.

ஓவியம் பயின்று வெளிவந்த இளைஞருக்கு அந்நாளில் பிழைப்புக்கு வழி அரிது. புதுமுறை ஓவியங்களை வாங்குவோர் மிகச் சிலர். வேறு வேலைக்குச் சென்றால் தூரிகை உறங்கிவிடும். என் செய்வது? பணிக்கரும் மாணவர்களும் கைத்தொழிலை நாடினர். அவற்றுள் ஒன்று பாத்திக். துணியின்மீது உருகிய மெழுகால் கோலமிட்டுச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. பின்னர் மெழுகை நீக்கினால் உருவம் புலப்படும். இத்தகைய பொருள்களை விற்று ஈட்டிய பணம் நிலம் வாங்க உதவியது. வயிற்றுக்குக் கைத்தொழில், உள்ளத்துக்கு ஓவியம் என்று உழைப்பைப் பகுத்துக்கொண்டனர். எனவே, வாங்குவோர் விருப்பத்துக்காகத் தம் ஓவியத்தை மாற்ற வேண்டிய நெருக்கடி குறைந்தது.

கூட்டுறவின் பயன் பொருளோடு நின்றதா? இல்லை. அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தமையால், ஒருவர் படைப்பை மற்றவர் கண்டு கருத்துரைக்க முடிந்தது. மேனாட்டாரைப் பின்பற்றாமலும், பழமையை அப்படியே படியெடுக்காமலும், நம் மண்ணுக்குரிய புதிய கலையை ஆக்குவது எவ்வாறு என்பதே அவர்கள் முன் நின்ற பெருங்கேள்வி. அது தனியொருவரால் விடை காணத்தக்க கேள்வியன்று.

கூடிப் பேசினால் எல்லாரும் ஒரே வகையாக வரைவர் அல்லவா என்று நீங்கள் ஐயுறலாம். படைப்புகளைப் பாருங்கள். பணிக்கர் தம் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்துப் போன்ற கீற்றுகளையும் சாதகக் கட்டங்களை நினைவூட்டும் வடிவங்களையும் தீட்டினார். சுல்தான் அலி பழங்குடியினர் கலையினின்று ஊக்கம் பெற்றார். நந்தகோபால் உலோகத்தில் சிற்பம் சமைத்தார். உரையாடல் அவர்களை ஓரச்சில் வார்க்கவில்லை. அவரவர் வழியை அவரவருக்குத் தெளிவாக்கிற்று.

மாணவர்களுடன் ஒருமுறை அங்குச் சென்று திரும்பியபின், எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் ஏற்படுத்தினேன். படத்தைச் சுவரில் மாட்டுவோம். காண்பவர் முதலில் தாம் கண்டதை மட்டும் கூற வேண்டும். அடுத்து, வரைந்தவரை ஒரு கேள்வி கேட்க வேண்டும். ‘நன்று’, ‘தீது’ என்னும் சொற்கள் அதன் பிறகே. சில நாட்களில், வாய் திறவாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினர். நண்பன் கேட்ட கேள்வியால் தன் படத்தைத் தானே திருத்திக்கொண்ட மாணவியும் உண்டு. நீங்களும் உங்கள் வகுப்பில் இதனைச் செய்து பாருங்கள்.

அந்த மாணவன் இப்பொழுது எங்கிருக்கிறானோ, அறியேன். மழை ஓய்ந்த மாலைகளில் சேர்வராயன் மலைமீது கதிரவன் சாயும்போது நான் வெளியே வந்து நிற்பதுண்டு. சில நாட்களில் மலை கருஞ்சிவப்பாகவே தோன்றுகிறது. அன்று அவனிடம், “நீ எப்போது இதனைக் கண்டாய்?” என்று நான் கேட்டிருக்க வேண்டும்.