கோடை மழையில் நனையும் பறை

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு புறப்பட்டு கோபாலபுரம் கெங்கையம்மன் கோயில் வந்து சேரும்வரை வழியெல்லாம் பறையும் பம்பையும் சிலம்பமும் புலிவேஷமும்தான். சுற்றுவட்டாரத்து டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்கிறவர்கள் பலரை அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் பார்க்கலாம். அக்னி நட்சத்திரம் நடக்கிற நாள்கள். பகலில் கால் வைக்க முடியாது. சாயங்காலம் வானம் கறுத்தால் சற்று நேரத்தில் தெருவே வாய்க்காலாகிவிடும்.

அப்படி மழை பிடித்துக்கொண்ட ஒரு திருவிழா மாலையில், டீக்கடைக் கூரையடியில் பக்கத்தில் நின்ற தம்பி ஒருவன் கேட்டான். ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. "ஏண்ணா, நாங்க தைக்கிறதும் தோலு, அவங்க அடிக்கிறதும் தோலு. ஷூ நனைஞ்சா தொடைச்சுட்டு மறுநாள் போட்டுக்கினு போறோம். மேளம் மட்டும் ஏன் ஒரு மழைக்கே படுத்துடுது?"

இதைவிட நல்ல கேள்வியை இந்த வட்டாரத்தில் ஒருவர் கேட்டுவிட முடியாது. தோலைத் தொட்டுப் பிழைக்கிற பூமி இது. அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் மழை. சித்திரையிலும் வைகாசியிலும் வேலூர்ப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். காய்ந்த நிலத்தின் மேலிருக்கும் காற்று சூடேறி மேலே எழும்பும். வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதோடு சேரும். ஜவ்வாது, ஏலகிரி, ஆந்திர எல்லை மலைகள் எல்லாம் அந்தக் காற்றை இன்னும் மேலே தள்ளிவிடும். மத்தியானத்தில் முளைக்கிற மேகம் மாலையில் கோபுரமாக வளர்ந்து, பொழுது சாய்ந்ததும் இடியோடு கொட்டும். நம் ஊர்த் திருவிழா, கூத்து, கச்சேரி எல்லாம் தொடங்குகிற நேரமும் அதுதான். வேலூரில் சித்ரா பௌர்ணமி இரவு புஷ்பப் பல்லக்குகள் புறப்படும்போதும், கிராமத்தில் பாரதக் கூத்துக்குத் திரை பிடிக்கும்போதும், வானத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளாதவர் இல்லை.

இனி தோலுக்கு வருவோம். ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ, அதன் உடம்பு கொலாஜன் என்கிற புரத நார்களால் ஆனது. பச்சைத் தோலின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். உப்புப் போட்டு, சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரையும் சதையையும் நீக்கும்வரை ஷூவுக்கான தோலும் மேளத்துக்கான தோலும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் போகின்றன. பாதை பிரிவது அதற்குப் பிறகு.

ஷூவுக்குப் போகிற தோல் பதனிடப்படுகிறது. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்தார்கள். இப்போது பெரும்பாலும் குரோமியம் உப்பு. அது நார்களுக்குள் புகுந்து அவற்றின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அப்புறம் தண்ணீர் உள்ளே போனாலும் அந்தப் பிணைப்பு அவிழ்வதில்லை. டேனரியில் இதைச் சோதிக்க ஒரு எளிய முறை உண்டு. குரோமியம் ஏறி நீலம் பூத்த ஈரத் தோலில் ஒரு சிறு துண்டை வெட்டி, அதன் வடிவத்தைத் தாளில் வரைந்துகொண்டு, கொதிக்கிற தண்ணீரில் சில நிமிடம் போடுவார்கள். எடுத்துத் தாளில் வைத்துப் பார்த்தால் வரைந்த கோட்டுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். சுருங்கியிருந்தால் பதம் பற்றவில்லை என்று அர்த்தம். பதனிடாத தோல் 60, 65 டிகிரி வெந்நீரிலேயே சுருண்டு, மேலும் கொதித்தால் பசையாகக் கரைந்துவிடும்.

மேளத்துக்குப் போகிற தோலைப் பதனிடுவதே இல்லை. மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி, வெயிலில் காயவைப்பதோடு சரி. காயும்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, தோல் கண்ணாடிபோல விறைக்கிறது. அந்த விறைப்புதான் நாதம். பதனிட்ட தோல் காய்ந்தாலும் நார்கள் அப்படி ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாக நெகிழ்ந்து கிடக்கும். அதனால்தான் ஷூ காலுக்கு இதமாக வளைகிறது. அதே தோலைச் சட்டத்தில் கட்டி அடித்தால் 'தொப்'பென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஆக, மேளம் பேச வேண்டுமென்றால் அதன் தோல் பச்சையாகவே இருந்தாக வேண்டும். பச்சையாக இருக்கிற தோல் ஈரத்தைக் கண்டால் இளகியே தீரும். மழைக்காலத்து அப்பளம் நமத்துப்போவது போலத்தான். மேளத்தின் குரலும் அது மழைக்கு அஞ்சுவதும் ஒரே குணத்தின் இரண்டு பக்கங்கள்.

பறையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மரச்சட்டம் வட்டமாக, ஒரு சாண் அகலத்தைவிடக் கூடுதலாக இருக்கும். அதன் மேல் கன்றுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். மழை அதை மூன்று விதத்தில் தாக்குகிறது. தோல் தண்ணீர் குடித்துக் கனக்கிறது. நார்கள் இளகுவதால் இழுவிசை குறைகிறது. பசையும் ஊறி விளிம்பு விட்டுக்கொடுக்கிறது.

கனமும் இழுவிசையும் சேர்ந்து குரலை எவ்வளவு இறக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. இழுவிசையைத் தோலின் எடையால் வகுத்து வருவதற்கு வர்க்கமூலம் எடுத்தால், ஸ்ருதி அதற்கு நேர் விகிதம். உதாரணத்துக்கு, நனைந்த தோலின் இழுவிசை பாதியாகி எடை கால் பங்கு கூடியது என்று வையுங்கள். ஸ்ருதி 100க்கு 63 ஆகிவிடும். மேல் ஸட்ஜத்தில் நின்ற தோல் காந்தாரத்துப் பக்கம் வந்து விழுகிறது. கூட்டத்தின் கடைசி வரிசை வரை பாய்ந்த அடி, இரண்டாவது வரிசையைத் தாண்டாமல் மங்கிப்போகிறது.

தோலில் கனம் கூடினால் குரல் இறங்கும் என்பது மிருதங்கக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்புவது அதற்காகத்தான். அந்தக் கனம் ஏறியதும் தொப்பி என்கிற இடந்தலை ஆழமாகப் பேசும். கூடினால் சுரண்டி எடுப்பார்கள், குறைந்தால் கொஞ்சம் சேர்ப்பார்கள். வலந்தலையில் இருப்பதோ சோறும் கல்பொடியும் சேர்த்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றிய கரணை. அதில் மழைத்தண்ணீர் இறங்கினால் பெயர்ந்துவிடும். பறையை நெருப்பில் காட்டலாம். மிருதங்கத்தைக் காட்ட முடியாது, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடத்தான் முடியும். தவில்காரரும் அப்படியே.

பறையை நெருப்பில் காட்டுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரண நாளில், வைக்கோலோ தென்னை ஓலையோ பற்றவைத்து, தோலை அனலில் சுற்றிச் சுற்றிக் காட்டிக் காய்ச்சுவார்கள். நடுநடுவே விரலால் தட்டிப் பார்ப்பார்கள். குரல் ஏறி 'கணீர்' என்றதும் எடுத்துவிடுவார்கள். மழையில் முழுக்க நனைந்த பறையை அப்படி நேரே அனலுக்குக் கொண்டுபோகக் கூடாது. டேனரிச் சோதனையில் பார்த்ததுதான் காரணம்: ஈரமான பச்சைத் தோல் 60 டிகிரியைத் தாண்டினால் சுருங்கிவிடும், பிறகு எந்த வைத்தியத்துக்கும் மீளாது. அதனால் அனுபவம் உள்ளவர்கள் முதலில் துண்டால் ஒற்றி எடுப்பார்கள். காற்று வருகிற இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். அப்புறம் எட்ட இருந்து இளஞ்சூடு, கடைசியில்தான் அனல். இதற்கு அவசரப்படாத நேரம் வேண்டும், மழை படாத மறைப்பு வேண்டும், காய்ந்த விறகு வேண்டும். கொலாஜன், டிகிரி என்றெல்லாம் யாரும் பாடம் எடுக்காமலே, தலைமுறை தலைமுறையாகக் கையால் அறிந்து வைத்திருக்கிற தோல் விஞ்ஞானம் இது. சென்னையில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் கருவிகளால் அளக்கிற அதே பொருளைத்தான் இவர்கள் காதால் அளக்கிறார்கள்.

மழையில் தோல் இளகும் இந்தத் தொல்லை உலகத்தில் தோல் கட்டி அடித்த எல்லோருக்கும் இருந்தது. 1969 ஆகஸ்ட் 15 இரவு, அமெரிக்காவின் வுட்ஸ்டாக் விழாவில் ரவிசங்கர் சிதார் வாசித்தபோது மழை வந்தது. பக்கத்தில் தபேலாவில் அல்லா ரக்கா. மழையிலும் வாசித்தே முடித்தார்கள். அதே மேடை ஏறிய மேற்கத்திய டிரம்காரர்களுக்குத் தோலைப் பற்றிய கவலை அவ்வளவாக இல்லை. 1950களின் கடைசியிலேயே பாலியஸ்டர் படலத்தில் டிரம் முகங்கள் வந்துவிட்டிருந்தன. அதைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான ரெமோ பெல்லி 1957-இல் அதற்கென்று கம்பெனியே தொடங்கினார். நம் ஊரிலும் இப்போது பைபர் பறை வந்துவிட்டது. காய்ச்ச வேண்டாம், மழைக்கும் பயமில்லை. ஊர்வலத்துக்கு அது கைகொடுக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் காய்ச்சிய தோலின் அடி நெஞ்சுக்கூட்டில் வந்து இறங்குவதை ஒருமுறை அனுபவித்தவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

"மழை வரும்னு தெரிஞ்சா தள்ளி வைக்கலாமே?" என்று தம்பி கேட்டான். டிக்கெட் போட்ட கச்சேரியைத் தள்ளி வைக்கலாம். 2023 ஆகஸ்ட் 12 அன்று சென்னையில் நடக்க வேண்டிய ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரி மழையால் செப்டம்பர் 10-க்குப் போனது. வைகாசி முதல் நாள் செப்டம்பருக்குப் போகாது. அதோடு, நம் கோடைத் திருவிழாக்கள் மழையிலிருந்து தப்பிக்க நினைப்பவை அல்ல. கூழ் வார்ப்பதும் வேப்பிலை கட்டுவதும் பூமி குளிரட்டும் என்றுதான். பாரதம் நடக்கிற ஊரில் விராட பர்வம் படித்தால் மழை வரும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. கூத்துக்கு நடுவே தூறல் விழுந்தால் 'நல்ல சகுனம்' என்று கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பதினெட்டாம் நாள் படுகளத்துக்கு மண்ணால் படுக்கவைத்த துரியோதனன் கரைந்தாலும், ஊர் மனம் கரைவதில்லை. ஏரிக்குத் தண்ணீர் வந்ததே என்கிற மகிழ்ச்சிதான் மேலோங்கும்.

அப்படியென்றால் மழையோடு விழா நடத்தக் கற்றுக்கொள்வதே முறை. அதில் உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, இடி. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, திறந்தவெளியை விட்டுக் கிளம்ப வேண்டும். புளியமரத்தடியும் இரும்புக் கால் நட்ட பந்தலும் ஒதுங்கும் இடம் அல்ல. கான்கிரீட் கட்டடம் நல்லது, கதவு மூடிய பஸ்ஸோ வேனோ பரவாயில்லை. கடைசி இடி கேட்டு அரை மணி ஆன பிறகே திரும்பி வாருங்கள்.

இரண்டு, கரண்ட். தரையில் ஓடுகிற வயரும், தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரும், சீரியல் செட்டும் சேர்ந்தால் ஆபத்து. கசிவு வந்ததும் 30 மில்லி ஆம்பியரிலேயே இணைப்பைத் துண்டிக்கிற பிரேக்கர் இல்லாமல் மைக்செட் போட விடாதீர்கள். 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் சதய விழாச் சப்பரம் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்ததை எந்த விழாக் கமிட்டியும் மறக்கக் கூடாது.

அடுத்தது மேளக்காரர்கள். மழை தொடங்கியதும் நம் விழாக்களில் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். சீரியல் செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் ஓடி ஓடித் தார்ப்பாய் போடுகிறோம். முக்கியஸ்தர்கள் நாற்காலியோடு பந்தலுக்குள் போகிறார்கள். தெருவில் நின்று அடித்தவர்கள் தெருவிலேயே நனைகிறார்கள், பறையைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு. தோலைத் தொடுகிறவர்களைத் தள்ளி நிறுத்திய பழைய வழக்கத்தின் மிச்சம் இது என்றுதான் நினைக்கிறேன். 2025-இல் மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த மரியாதை விருது மேடையோடு நின்றுவிடாமல், மழை பெய்கிற தெருவுக்கும் வர வேண்டும்.

அதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை. ஊர்வலப் பாதையில் மேளக்காரர்களுக்கென்று இரண்டு மூன்று இடத்தில் மறைப்பு. அதில் காய்ந்த வைக்கோலும் ஓலையும் ஒரு மூட்டை, சில பழைய துண்டுகள். மழை நின்றதும் 'அடி, அடி' என்று நச்சரிக்காமல் தோல் காய அரை மணி அவகாசம். தோல் கிழிந்தால் மாற்றுவதற்குப் பேசிய கூலிக்கு மேல் ஒரு தொகை. இவற்றை விழா நோட்டீஸ் அடிக்கிறபோதே கணக்கில் எழுதிவிடலாம். உலகத்தின் கால்களுக்கெல்லாம் தோல் தைத்து அனுப்புகிற இந்த வட்டாரத்துக்கு, தன் தெருவில் ஒலிக்கிற தோலைக் காப்பது பெரிய காரியமா?

மழை வேண்டித்தான் அம்மனுக்கு விழா எடுக்கிறோம். கேட்ட மழை வந்து சேரும்போது, அதை முழங்கி அழைத்தவர்களுக்கு முதல் இடம் கூரைக்கடியில் கொடுப்பது நம் பொறுப்பு.