குட்டி யானைக்குள் ஒரு கண்டக்டர்

தட்டேந்தி நின்று தோசை தின்பவர்களுக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரியும். நமக்கு இன்று பின்பக்கம்! கோவை அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு திருப்பத்தில், சாயங்காலம் ஆனால் வந்து நிற்கும் குட்டி யானை டிபன் வண்டி. அதன் பின்கதவு எனக்காகத் திறந்திருக்கிறது. வாருங்கள், என் பின்னாலேயே ஏறுங்கள். தலை பத்திரம், மேலே கரண்டிகள் தொங்குகின்றன.

"பாத்து கண்ணு, அந்த மூட்டைய மிதிச்சிறாத, வெங்காயம்" என்கிறார் அக்கா, திரும்பிப் பார்க்காமலே. அவருடைய இரண்டு கைகளும் தேங்காய்க்குள் இருக்கின்றன. அண்ணன் தோசைக்கல்லில் வெங்காயத்தை வெட்டித் தேய்த்துக்கொண்டிருக்கிறார். உதவிக்கு ஒரு தம்பி. பகலில் பாலிடெக்னிக், மாலையில் இங்கே பார்சல் கட்டுகிறான். மூன்று பேர் நிற்கவே இடமில்லாத இடத்தில் நான்காவதாக நான். முழங்கையை மடக்கி, வயிற்றை எக்கி, இலைக்கட்டுக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவே ஒருவழியாகப் பொருந்திவிட்டேன்.

நான் பார்க்க வந்த ஆள் கீழே உட்கார்ந்திருக்கிறது. கேஸ் சிலிண்டர் ஒரு மூலையில், அதற்கு நேரெதிர் மூலையில் ஒரு மரப்பெட்டி. மூடியைத் தூக்கினால் 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி, பக்கத்தில் இன்வெர்ட்டர். இரண்டின் நெற்றியிலும் ஆயுத பூஜைச் சந்தனம் இன்னும் உதிரவில்லை. இன்வெர்ட்டரின் கைப்பிடியில் எலுமிச்சம்பழம் ஒன்று காய்ந்து கறுத்துத் தொங்குகிறது. பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும். அதை முதன்முதலில் உள்ளே ஏற்றிய அன்றைக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட கதையை அண்ணன் சொல்கிறார். "அந்தப் பக்கமிருந்து தூக்குனவன் இப்பவும் இந்தப் பக்கம் வர்றதில்லைங்க" என்று சிரிக்கிறார்.

"ஓட்றேன்!" என்று திடீரென்று அக்கா ஒரு குரல் கொடுக்கிறார்.

அவ்வளவுதான், வண்டியே தடதடக்கிறது. தம்பி கையை நீட்டி எக்ஸாஸ்ட் ஃபேனை அணைக்கிறான். அண்ணன் காலாலேயே மேசை விசிறியின் சுவிட்சைத் தட்டுகிறார். அக்கா மிக்சியை ஒன்றில் வைக்கிறார். அது முனகி, தயங்கி, வேகம் பிடிக்கிறது. உடனே இரண்டு. "ம்ம்" என்று அக்கா தலையாட்டியதும் விசிறிகள் மறுபடி சுழல்கின்றன. எல்லாம் சில நொடிக்குள். ஒத்திகை பார்த்த நாடகம்கூட இவ்வளவு சுத்தமாக நடக்காது.

"ஃபேன ஆஃப் பண்ணாட்டி கண்டக்டர் விசிலடிச்சிருவாரு" என்கிறான் தம்பி.

யார் கண்டக்டர்? இன்வெர்ட்டர்தான்! சுமை கூடினால் அது பீப் பீப் என்று கத்தும். ஃபுல்லான டவுன் பஸ்ஸில் இன்னும் நாலு பேர் தொற்றினால் விசில் வருமே, அதே விசில். அதனால்தான் அதற்கு அந்தப் பெயர்.

விஷயம் இதுதான். பேட்டரி தருவது 12 வோல்ட், ஒரே திசையில் ஓடும் மின்சாரம். மிக்சி கேட்பது வீட்டுப் பிளக்கில் வருகிற 230 வோல்ட், நொடிக்கு 50 தடவை போய்த் திரும்புகிற ரகம். நடுவில் நின்று அதை இதாக்குவது கண்டக்டர். 500 வாட் மிக்சி ஓடும்போது பேட்டரியிலிருந்து 45 ஆம்பியருக்கு மேல் உருவும். அதனால்தான் பேட்டரிக்கும் கண்டக்டருக்கும் நடுவே அவ்வளவு தடித்த வயர். மோட்டார் கிளம்புகிற அந்த முதல் நொடியிலோ இதைவிடப் பல மடங்கு கேட்கும். பெட்டிக்குள் மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை, ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்பதில்தான் கண்டக்டர் கறார்.

முதலில் வைத்திருந்தது 750 வாட் மிக்சியாம். ஜாரை நிறைத்து ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் விசில். அண்ணன் அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்கினார். இதிலும் அரை ஜார்தான் போட வேண்டும். அக்காவுக்கு முதலில் எரிச்சல். அப்புறம்தான் கவனித்தாராம், அரை ஜார் சட்னி புளிப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது, அடுத்தது புதிதாக வருகிறது. "சட்னி அப்பப்ப அரைக்கிறீங்களா அக்கான்னு கேக்கறாங்க. நானெங்க அரைக்கறேன், கண்டக்டர் அரைக்க வெக்கறாரு!" ஒரு விரல் சட்னி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தேங்காய், பச்சை மிளகாய், கொஞ்சம் இஞ்சி. ஆகா! இன்வெர்ட்டருக்கு நானும் ஒரு பொட்டு வைத்திருப்பேன்.

இந்த ஊரில் இந்தக் காட்சிக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் கோவை. ஆனால் 2008-இல் ஆரம்பித்து 2012-இல் உச்சிக்குப் போன மின்வெட்டுக் காலத்தில், அதே ஊரில் கிரைண்டர்கள் கல்லாய்ச் சமைந்து கிடந்தன. "ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் வரும், எந்திரிச்சு மாவாட்டோணும். பக்கத்து வீட்டுலயும் கடகடன்னு சத்தம் கேக்கும்" என்கிறார் அக்கா. வசதி உள்ளவர்கள் வீட்டில் இன்வெர்ட்டர் வந்தது. ஆனாலும் எலக்ட்ரீஷியன் விசிறிக்கும் விளக்குக்கும்தான் லைன் கொடுப்பார், அடுப்படிப் பிளக்கை ஒதுக்கிவிடுவார். இந்த வண்டியில் அந்த முறை தலைகீழ், அடுப்படிக்குத்தான் முதல் மரியாதை. மாவு மட்டும் பகலிலேயே வீட்டுக் கரண்டில் ஆட்டித் தூக்குவாளியில் வந்துவிடுகிறது.

ஏழு மணி தாண்டியதும் கூட்டம். உள்ளே வெக்கை கொப்பளிக்கிறது. இண்டக்‌ஷன் வைத்தால் வெக்கை குறையுமே என்றேன், பெரிய யோசனை சொல்வதுபோல. தம்பி சிரித்தே விட்டான். 2000 வாட் அடுப்பை இந்த பேட்டரியில் செருகினால் கண்டக்டர் விசிலடிக்க மாட்டார், பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கியே போய்விடுவார். சூடெல்லாம் கேஸ் பார்த்துக்கொள்ளும், மோட்டார் சுற்றுவதும் விளக்கு எரிவதும் மட்டும் பேட்டரி பொறுப்பு. மெனு பலகையைச் சுற்றிய எல்.இ.டி. பட்டைக்கோ கண்டக்டரே தேவையில்லை, பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட்.

"ஓட்றேன்!" மறுபடி விசிறிகள் நிற்கின்றன. புகை எழும்பி என் கண்ணில் ஏறுகிறது. அண்ணன் தோளால் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறார், கரண்டி நிற்கவில்லை. வெளியே ஒருவர் "இன்னொரு கல்தோசை, முறுகலா" என்கிறார், இந்தக் கூத்து எதுவும் தெரியாமல்.

ஒரு ரகசியம், மெதுவாகச் சொல்கிறேன். கண்டக்டருக்கு டிக்கெட் இல்லாத பயணிகளும் உண்டு! வண்டியின் வெளிப்புறம் ஒரு பிளக் பாயிண்ட், அதில் எப்போதும் இரண்டு மூன்று போன்கள் தொங்கும். சாப்பிட வரும் கால் டாக்சி டிரைவர்கள் தோசை வரும்வரை சார்ஜ் ஏற்றிக்கொள்கிறார்கள். பக்கத்துப் பூக்கார அக்காவின் ஒற்றை பல்பும் இங்கிருந்துதான் எரிகிறது. வாடகை தினம் ஒரு முழம் மல்லிகை. அதில் பாதி அக்காவின் தலைக்கு, மீதி மிக்சிக்கு. வெங்காயம், எண்ணெய், மல்லிகை மூன்றும் கலந்த வாசனையில் சட்னி அரைக்கிற மிக்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடை கட்டும்போது கணக்கு. முழு பேட்டரியிலும் இருப்பது, காகிதக் கணக்கில், 1.8 யூனிட். இரவுக் கடை முழுக்க ஓடினாலும் அதில் பாதிகூடத் தீர்வதில்லை. பாதிக்குக் கீழே இறக்கிப் பழக்கினால் பேட்டரிக்கு ஆயுசு குறையும் என்று அண்ணன் உஷாராக இருக்கிறார். வீட்டுக்குப் போனதும் கதவைத் திறந்து போட்டுத்தான் சார்ஜ் ஏற்றுவார். அந்த நேரத்தில் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அருகில் நெருப்பு ஆகாது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதும் டெர்மினலில் பூக்கும் வெள்ளை உப்பைத் துடைத்து வாசலின் தடவுவதும் தம்பியின் ஞாயிற்றுக்கிழமை வேலை.

பாத்திரம் கழுவுகிற இடைவெளியில் அவன் போனில் ஒரு படம் காட்டினான். அமெரிக்காவின் பெர்க்லியில் காப்பர் என்ற நிறுவனம் செய்யும் இண்டக்‌ஷன் அடுப்பு. அதன் வயிற்றுக்குள்ளேயே 5 யூனிட் பிடிக்கும் லித்தியம் பேட்டரி. சாதாரண 120 வோல்ட் பிளக்கில் மெல்ல நிரப்பிக்கொள்ளும், கரண்ட் போனாலும் சமைக்கும். ஃபிரிட்ஜையும் அதிலேயே செருகிக்கொள்ளலாமாம்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இந்தக் கல்லு அதுல வேல செய்யுமா?"

தம்பி சாவிக்கொத்திலிருந்த காந்தத்தைக் கழற்றி ஆறிய தோசைக்கல்லின் ஓரத்தில் வைத்தான். டப்பென்று ஒட்டிக்கொண்டது. "செய்யும்க்கா!"

"எவ்வளவாம்?"

"ஆறாயிரம் டாலர் சுமாருக்குங்க."

அண்ணன் மனக்கணக்குப் போட்டார். ஈரத் துணியைப் பிழிந்து உதறினார். "அந்தக் காசுக்கு இன்னொரு குட்டி யானையே வாங்கி, அதுக்கும் ஒரு கண்டக்டரப் போட்டுரலாம் புள்ள. நீ மொதல்ல அந்த ஜாரக் கழுவு."