பிரேக் மேம்பாட்டுக்குப் பிந்தைய பெடல் தளர்வு

பெடல் தளர்வு என்பது காரின் பிரேக் பெடலை மிதிக்கும்போது அது உறுதியாக நிற்காமல், பஞ்சை அழுத்துவது போல அமுங்குவதை அல்லது வழக்கத்தைவிட ஆழமாக இறங்குவதைக் குறிக்கும். பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர் ஆகியவற்றைப் பொருத்திய பின்னரும், டிரம் பிரேக்கை டிஸ்க் பிரேக்காக மாற்றிய பின்னரும் இது அடிக்கடி தோன்றுகிறது. குழாயில் காற்று நிற்பதே காரணம் என்று கருதி மீண்டும் மீண்டும் ஏர் எடுப்பது வழக்கம். காற்று முதன்மையான காரணம்தான். ஆனால் ஒரே காரணம் அன்று. பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே இடைவெளி கூடியிருந்தாலோ, மாஸ்டர் சிலிண்டரும் காலிப்பரும் அளவில் பொருந்தாவிட்டாலோ, எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் மேலே வராது.

செயல்படும் விதம்

பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் நகர்ந்து பிரேக் ஆயிலைக் குழாய் வழியாகத் தள்ளுகிறது. அந்த ஆயில் காலிப்பர் பிஸ்டனை நகர்த்தி, பேடை டிஸ்க்கின் மீது அழுத்துகிறது. பாஸ்கல் விதிப்படி, அடைபட்ட திரவத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும். காலிப்பர் பிஸ்டனின் பரப்பு மாஸ்டர் சிலிண்டரின் பரப்பைவிடப் பெரியது என்பதால் விசை பெருகுகிறது. அதே காரணத்தால் நகரும் தூரம் குறைகிறது: மாஸ்டர் பிஸ்டன் பல மில்லிமீட்டர் நகர்ந்தால்தான் காலிப்பர் பிஸ்டன் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி நகரும். எனவே சக்கரத்தில் ஏற்படும் மிகச் சிறிய இடைவெளியும் பெடலில் பெரிதாகத் தெரியும்.

தளர்வு ஏன் ஆபத்தானது

இன்றைய கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்து, இரண்டு தனித்தனிச் சுற்றுகளை இயக்குகின்றன. ஒரு சுற்றில் குழாய் உடைந்து ஆயில் வெளியேறினால், அந்தப் பிஸ்டன் எதிர்ப்பின்றி முழுத் தூரமும் ஓடி முடிந்த பிறகே மற்றச் சுற்றில் அழுத்தம் உருவாகும். அதற்குப் பெடலில் மீதித் தூரம் இருக்க வேண்டும். சாதாரணமாக மிதிக்கும்போதே பெடல் தரையை நெருங்கும் காரில் அந்த மீதித் தூரம் முன்பே செலவாகிவிட்டது. அத்தகைய கார் அன்றாட ஓட்டத்தில் நன்றாக நின்றாலும், ஒரு குழாய் உடையும் நாளில் இரண்டு சுற்றுகளும் ஒருசேரக் கைவிடக்கூடும். ஆகவே தளர்ந்த பெடலுக்குக் காலைப் பழக்கிக்கொள்வது தீர்வாகாது.

வகையை அறிதல்

எஞ்சினை ஓடவிட்டு, வண்டி நிற்கும் நிலையில் பெடலை மிதித்துப் பார்த்தே பெரும்பாலும் காரணத்தைப் பிரித்தறியலாம்.

- மிதித்தபின் பெடல் ரப்பர் போலத் துள்ளினால்: காற்று, வீங்கும் ஹோஸ், அல்லது கோணலாகப் பொருந்திய காலிப்பர்.
- முதல் மிதியில் ஆழமாக இறங்கி, விரைவாக மூன்று நான்கு முறை மிதித்தபின் மேலே வந்து கெட்டியாக நின்றால்: பேடிலோ பின் பிரேக்கிலோ இடைவெளி அதிகம்.
- எப்போதும் ஒரே ஆழத்துக்கு இறங்கி, அங்கே கெட்டியாக நின்றால்: மாஸ்டர் சிலிண்டர் புதிய காலிப்பருக்குச் சிறியது.
- காலை அழுத்தி வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால்: வெளியே ஆயில் கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உட்சீல் பழுது. இந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

காற்று

22.2 மி.மீ. துளை கொண்ட மாஸ்டர் சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 388 சதுர மி.மீ. குழாயில் 1 கன செ.மீ. காற்று இருந்தால், பிரேக் அழுத்தத்தில் அது ஏறக்குறைய முழுவதும் சுருங்கிவிடும். அதை ஈடுசெய்ய மாஸ்டர் பிஸ்டன் 2.6 மி.மீ. கூடுதலாக நகர வேண்டும். பெடலின் நெம்பு விகிதம் 5 என்றால், பெடலில் அது 13 மி.மீ. ஆகும்.

மேம்பாட்டுக்குப் பின் காற்று தங்கிவிடும் இடங்கள் சில உண்டு. முதலாவது, இட வல மாற்றம். இடப்பக்கக் காலிப்பரை வலப்பக்கம் பொருத்தினாலும் பல வண்டிகளில் போல்ட்டுகள் சரியாக உட்காரும். ஆனால் ஏர் எடுக்கும் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று எப்போதும் மேலே நிற்பதால், எவ்வளவு ஆயில் ஓடவிட்டாலும் அது வெளியேறாது. நிப்பிள் காலிப்பரின் மிக உயர்ந்த இடத்தில் இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. இரண்டாவது, நான்கு, ஆறு பிஸ்டன் கொண்ட நிலைக் காலிப்பர்களில் பெரும்பாலும் உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று என இரண்டு நிப்பிள்கள் இருக்கும். இரண்டிலும் ஏர் எடுக்க வேண்டும். மூன்றாவது, புதிய மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் மாட்டும் முன் மேசையில் பிடித்து, ஆயில் நிரப்பி, அதன் காற்றைத் தனியாக வெளியேற்ற வேண்டும். நான்காவது, ஏபிஎஸ் அமைப்பு. அதன் வால்வுகளுக்குள் காற்று புகுந்தால், பல வண்டிகளில் ஸ்கேன் கருவி மூலம் வால்வுகளை இயக்கித்தான் வெளியேற்ற முடியும். வேலையின்போது ஆயில் தொட்டி வற்றாமல் பார்த்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நேராது.

இடைவெளி

60 மி.மீ. பிஸ்டன் கொண்ட இரண்டு முன் காலிப்பர்களில் பேடுகள் வழக்கத்தைவிடப் பின்தள்ளப்பட்டு, பிஸ்டன் 0.2 மி.மீ. மட்டும் கூடுதலாக நகர வேண்டியிருந்தால், மேற்சொன்ன மாஸ்டர் சிலிண்டரோடு பெடல் ஏறத்தாழ 15 மி.மீ. ஆழமாக இறங்கும். இந்த 0.2 மி.மீ. பல வழிகளில் வரலாம். ஹப்பில் துருவோ மண்ணோ இருக்க அதன்மேல் புதிய டிஸ்க்கைப் பொருத்தினால் டிஸ்க் கோணலாகச் சுழன்று பேடுகளைப் பின்தள்ளும். வீல் பேரிங் தளர்ந்திருந்தாலும் இதுவே நடக்கும். வளைவில் திரும்பியபின் முதல் மிதி மட்டும் ஆழமாக இறங்குவது இதன் அடையாளம். சக்கரத்தைக் கழற்றி ஏர் எடுக்கும்போது டிஸ்க்கை வீல் நட்டுகளால் ஹப்போடு இறுக்கி வைக்காவிட்டாலும் டிஸ்க் ஆடி இடைவெளியை உண்டாக்கும்.

கைபிரேக் இணைந்த பின் காலிப்பர்கள் தனிக் கவனம் வேண்டுபவை. மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் 1.6 லிட்டர் மாடலில் முன் டிஸ்க் 235 மி.மீ., பின்னர் வந்த 1.8 லிட்டர் மாடலில் 255 மி.மீ. என்பதால், பழைய காருக்குப் புதிய மாடலின் பிரேக்குகளை மாற்றுவது பரவலான மேம்பாடாகும். இதன் பின் காலிப்பரில் ஒரு மூடிப் போல்ட்டுக்குப் பின்னால் 4 மி.மீ. ஆலன் சாவியால் திருப்பும் சரிசெய்கருவி உண்டு. பேடு டிஸ்க்கைத் தொடும்வரை அதைத் திருப்பி, சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்குச் சிறிது பின்வாங்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் காற்றே இல்லாத நிலையிலும் பெடல் ஆழமாக இறங்கும். பின்னால் டிரம் உள்ள வண்டிகளில் ஷூவைச் சரிசெய்யாமல் விடுவதும் இதே விளைவைத் தரும்.

அளவுப் பொருத்தம்

54 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 2,290 சதுர மி.மீ.; 60 மி.மீ. பிஸ்டனுடையது 2,827 சதுர மி.மீ. ஒவ்வொன்றும் 0.5 மி.மீ. நகர்வதாகக் கொண்டால், இரண்டு காலிப்பர்களுக்கும் சேர்த்துப் பெரியவை 537 கன மி.மீ. ஆயிலைக் கூடுதலாகக் கேட்கும். பெடலில் இது ஏறத்தாழ 7 மி.மீ. நிலைக் காலிப்பரை ஒற்றைப் பிஸ்டன் கொண்ட நகரும் காலிப்பரோடு ஒப்பிடும்போது, நிலைக் காலிப்பரின் ஒரு பக்கப் பிஸ்டன்களின் பரப்பை மட்டும் கூட்டிக் கணக்கிட வேண்டும்.

பெடல் ஆழத்தைக் குறைக்கப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் பொருத்தலாம். ஆனால் அதற்கு விலை உண்டு. 22.2 மி.மீ. துளைக்குப் பதிலாக 25.4 மி.மீ. பொருத்தினால் பிஸ்டன் நகர்வு சுமார் 23 விழுக்காடு குறையும்; அதே அழுத்தம் பெறக் காலால் சுமார் 31 விழுக்காடு கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். எனவே புதிய காலிப்பரின் பரப்பு எவ்வளவு கூடியதோ அந்த அளவுக்கே மாஸ்டரைப் பெரிதாக்குவது பொருத்தம். பழைய காலிப்பரின் பரப்புக்கு நெருக்கமான பரப்புள்ள புதிய காலிப்பரைத் தேர்ந்தெடுத்து, டிஸ்க்கை மட்டும் பெரிதாக்கினால் இந்தச் சிக்கலே எழாது.

டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு

1965, 1966 ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் கார்களில் பெரும்பாலானவை நான்கு சக்கரங்களிலும் டிரம்மும் ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் கொண்டவை. இரட்டைச் சுற்று 1967 மாடலில் வந்தது. பழைய மஸ்டாங்கின் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பொருத்துவோர் பழைய மாஸ்டரையே வைத்துக்கொள்வது தவறு. டிரம்முக்கான மாஸ்டர்களில் குழாயில் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தக்கவைக்கும் எஞ்சழுத்த வால்வு இருப்பதுண்டு. டிஸ்க்கில் அது பேடைத் தேய்த்துக்கொண்டே இருக்கச் செய்து சூடேற்றும். ஆகவே டிஸ்க் சுற்றில் அந்த வால்வு இருக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்வாக அமைந்த வண்டிகள் இதற்கு விதிவிலக்கு. அங்கே ஆயில் பின்வழிந்து பெடல் தளராமலிருக்க 2 பிஎஸ்ஐ வால்வு தேவை.

ஏர் எடுக்கும் முறை

வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்த வேண்டும். எந்தச் சக்கரத்திலிருந்து தொடங்குவது என்பதை அந்த வண்டியின் கையேட்டில் பார்க்க வேண்டும். நிப்பிளில் தெளிவான குழாய் ஒன்றை மாட்டி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்த வேண்டும். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடியபின் சொன்னால்தான் காலை எடுக்க வேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும்.

பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, தரைவரை இறங்காமல் தடுப்பது நல்லது. வழக்கமாகச் சீல் தொடாத உட்பகுதியில் துரு படிந்திருக்கும். சீல் அங்கே போய் வந்தால் கிழிந்து, புதிதாக ஒரு பழுது பிறக்கும்.

ஆயிலும் மற்றப் பாகங்களும்

புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4 ஆயிலுடையது 230 டிகிரி. ஈரம் ஏறிய நிலையில் இவை முறையே 140, 155 டிகிரி வரை குறையலாம். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகி, குளிர்ந்த நிலையில் நன்றாக இருந்த பெடல் மலையிறக்கத்தில் அமுங்கும். சிலிக்கோன் வகையான டாட் 5 ஆயிலை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. எஞ்சின் ஆயில் சிறிதளவு கலந்தாலும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

பழைய ரப்பர் ஹோஸ்கள் அழுத்தத்தில் வீங்கினால் எஃகு வலை சுற்றிய ஹோஸ்களாக மாற்றலாம். காலிப்பர் தாங்கி டிஸ்க்குக்கு நேராக இல்லாவிட்டால் பேடு ஒரு முனையில் மட்டும் தொட்டு வளையும். பேடு ஆப்பு வடிவில் தேய்ந்திருப்பது இதன் அடையாளம்.

சோதனை ஓட்டம்

வண்டியை நகர்த்தும் முன், பெடல் முதல் மிதியிலேயே கெட்டியாக நிற்கிறதா என்றும், ஒரு நிமிடம் அழுத்தி வைத்தாலும் இறங்காமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு ஆளில்லாத சமதளத்தில், கைபிரேக்கைத் தயாராக வைத்துக்கொண்டு, நடைவேகத்தில் தொடங்க வேண்டும். புதிய பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும்வரை பெடலில் சிறிது மென்மை இருப்பது இயல்பு. சில நூறு கிலோமீட்டரில் அது மறையும். ஆனால் இரண்டாவது முறை மிதித்தால்தான் பிடிக்கும் பெடல் ஓடி ஓடிச் சரியாவதில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது.