பில் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதுமா?

சரக்கு விற்கும் நிறுவனம் தன் சாப்ட்வேரில் பில் போடுகிறது. வாங்கும் நிறுவனத்தில் இருப்பது வேறு சாப்ட்வேர். எனவே இங்கே டைப் செய்து பிரின்ட் எடுத்த பில்லை அங்கே ஒருவர் பார்த்து மறுபடியும் டைப் செய்கிறார். பல இடங்களில் இன்றும் இதுதான் நடக்கிறது. இந்த இரட்டை வேலை இல்லாமல் இரண்டு சாப்ட்வேர்களையும் நேரடியாக இணைப்பதுதான் என் தொழில். இது எப்படி நடக்கிறது, எங்கே சறுக்கும் என்று பார்ப்போம்.

பொது மொழி எதற்கு?

பத்து நிறுவனங்கள் ஒன்றோடு ஒன்று பில் பரிமாறிக் கொள்கின்றன என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி இணைப்பு என்றால் மொத்தம் 45 இணைப்புகள் தேவை. எல்லோரும் ஒரே பைல் அமைப்பை ஏற்றுக் கொண்டால், ஒவ்வொருவரும் தன் சாப்ட்வேரை அந்த அமைப்புக்கு மாற்றும் ஒரு புரோகிராம் எழுதினால் போதும். அதாவது 10.

இது புதிய யோசனை அல்ல. ஐ.நா. முயற்சியில் உருவான எடிபேக்ட் என்ற அமைப்பு 1987-லேயே சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. 1998-ல் எக்ஸ்எம்எல் வந்தது. இப்போது அதிகம் பயன்படுவது ஜேசான். இது சாதாரண டெக்ஸ்ட் பைல்தான். நோட்பேடில் திறந்தே படிக்கலாம். ‘அளவு: 150’ என்பது போல ஒவ்வொரு விவரமும் அதன் பெயரோடு இருக்கும்.

நம் நாட்டு உதாரணம்

ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் இதற்கு நல்ல உதாரணம். 2020 அக்டோபர் 1 அன்று, ஆண்டு விற்பனை 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு முதலில் கட்டாயமானது. படிப்படியாகக் குறைந்து, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் வந்துவிட்டது.

உங்கள் பில்லிங் சாப்ட்வேர் பில்லை ஜேசான் பைலாக மாற்றி, அரசு அங்கீகரித்த பதிவுத் தளத்துக்கு அனுப்பும். அங்கே பைலின் அமைப்பு சரியா, இதே பில் முன்பே பதிவாகி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். சரியாக இருந்தால் 64 எழுத்துகள் கொண்ட ஒரு எண்ணும் க்யூஆர் கோடும் திரும்பி வரும். விற்பவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், பில்லின் வகை, நிதியாண்டு ஆகிய நான்கையும் கொண்டு அந்த எண் உருவாக்கப்படுகிறது.

இவ்வளவு சோதனை இருந்தும் தப்பு நடக்குமா? நடக்கும். நானே செய்திருக்கிறேன்.

நான் சறுக்கிய இடம்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. பனியன் தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றின் பில்களை, அவர்களிடம் வாங்கும் பெரிய கடையின் சாப்ட்வேருக்குள் கொண்டு போகும் புரோகிராமை எழுதினேன். 20 பில்களை வைத்துச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து பனியன் கம்பெனி உரிமையாளர் போன் செய்தார். “தம்பி, சரக்கு போயி பத்து நாளாச்சுங்க. பில்லும் சரக்கும் ஒத்துப் போகலைன்னு பணத்தை நிறுத்தி வச்சிருக்காங்க. சனிக்கிழமை ஆளுங்களுக்குக் கூலி கொடுக்கணும்.”

பைலைத் திறந்து பார்த்தேன். அளவு 150, அலகு டஜன். என் புரோகிராம் 150-ஐ மட்டும் எடுத்துக் கொண்டு அலகை விட்டுவிட்டது. கடையின் சாப்ட்வேர் அதைப் பீஸ் என்று வைத்துக் கொண்டது. கேட்டில் எண்ணிய சரக்கோ 1,800 பீஸ்! 150-ஐ டஜன் விலையால் பெருக்கினால் மொத்தத் தொகை சரியாகவே வரும். அதனால் நான் வைத்திருந்த தொகைச் சோதனையில் இது மாட்டவில்லை. சோதனைக்கு எடுத்த 20 பில்களும் பீஸ் கணக்கு.

அன்று இரவே திருத்தினேன். கடைக்காரர்களிடம் என் தவறை எழுத்தில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை பணம் வந்தது. பைல் பத்திரமாகப் போய்ச் சேர்வது வேறு, அதன் பொருள் போய்ச் சேர்வது வேறு என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது நான் மூன்று விதிகளை விடுவதில்லை. அலகு இல்லாத பில்லை, தெரியாத அலகுள்ள பில்லை, புரோகிராம் ஊகிக்கக் கூடாது. திருப்பி அனுப்ப வேண்டும். சோதனைக்கு ஒவ்வொரு அலகிலும் ஒரு பில்லாவது எடுக்க வேண்டும். பெற்றவர் எப்படிப் புரிந்து கொண்டார் என்ற விவரம் அனுப்பியவருக்குத் திரும்பி வர வேண்டும்.

வீட்டிலும் இதே கதைதான்

நீங்கள் எக்செலில் சிஎஸ்வி பைல் திறப்பவரா? நேரடியாக டபுள் க்ளிக் செய்தால் 00457 என்ற எண் 457 ஆகிவிடும். 15 இலக்கத்துக்கு மேலுள்ள எண்களில் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகும். டேட்டா மெனுவில் டெக்ஸ்ட்/சிஎஸ்வி இறக்குமதி வழியாகத் திறந்து, அந்தக் காலத்தை டெக்ஸ்ட் என மாற்றிக் கொள்ளுங்கள். 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது 2024-04-03 என்று எழுதினால் குழப்பமில்லை.

அடுத்த முறை யாருக்காவது பைல் அனுப்பினால், “கிடைத்ததா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “முதல் வரியில் என்ன இருக்கிறது, படித்துச் சொல்லுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள்.