பன்னிரண்டே ஸ்வரங்கள்!

ஒரு பாட்டு நன்றாக இருந்தால், "பாடினது யார்?" என்று கேட்கிறோம். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள், "மெட்டுப் போட்டது யார்?" என்பார்கள். "இந்த இசைத் தட்டைத் தயாரித்தது யார்?" என்று எவராவது கேட்டதுண்டா?

கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் இருப்பார். அவர் மாப்பிள்ளையும் அல்ல, சாஸ்திரிகளும் அல்ல, சமையற்காரரும் அல்ல. ஆனால் கெட்டி மேளம் எப்போது கொட்ட வேண்டும், பந்தியில் பாயசம் எப்போது வர வேண்டும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் சம்பந்தியை யார் போய்ச் சமாதானப்படுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மேல் நாட்டில் இசைத் தட்டுத் தயாரிப்பாளரின் வேலை ஏறக்குறைய இதுதான். எந்தப் பாட்டு, யார் பாடுவது, எந்த வாத்தியம் எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் - எல்லாம் அவர் பொறுப்பு.

அந்தத் தொழிலில் கொடி கட்டிப் பறந்தவர் அமெரிக்கரான குவின்ஸி ஜோன்ஸ். 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், 91-வது வயதில் காலமானார். உலகத்திலேயே அதிகமாக விற்ற இசைத் தட்டு என்று பெயர் வாங்கிய மைக்கேல் ஜாக்ஸனின் 'த்ரில்லர்' இவர் தயாரித்ததுதான். அப்பேர்ப்பட்ட காது இவருக்கு எங்கிருந்து வந்தது? அதுதான் சுவாரசியமான கதை.

பலகாரம் தேடிப் போன இடத்தில்...

குவின்ஸி 1933-ல் சிகாகோ நகரில், கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தெற்குப் பகுதியில் பிறந்தார். தகப்பனார் தச்சர். தாயார் வீட்டில் பக்திப் பாடல்கள் பாடுவாள். ஆனால் அந்தப் பாட்டு வெகு நாள் நீடிக்கவில்லை. குவின்ஸிக்கு ஏழு வயது இருக்கும்போது, மனநோய் கண்ட தாயாரை வைத்தியசாலைக்குக் கொண்டு போய்விட்டார்கள். தாயில்லாத வீடு, வெளியே போனால் ரௌடிகள் ராஜ்யம். பெரியவனானால் தானும் ஒரு ரௌடியாக வேண்டும் என்பதுதான் பையனின் லட்சியமாம்!

யுத்த காலத்தில், 1943-ல், கப்பல் கட்டும் துறையில் வேலை கிடைத்துத் தகப்பனார் குடும்பத்தோடு வாஷிங்டன் மாகாணத்திலுள்ள பிரெமர்ட்டனுக்குக் குடியேறினார். அங்கே ஒரு பொதுக் கட்டடத்தில் எலுமிச்சைப் பழம் சேர்த்துச் செய்த 'பை' என்னும் பலகாரம் வந்து இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, 11 வயதுக் குவின்ஸியும் தோழர்களும் இரவில் உள்ளே புகுந்தார்கள். வயிறு நிறையத் தின்றார்கள். பிறகு குவின்ஸி ஓர் அறைக் கதவைத் திறந்தான். உள்ளே இருட்டில் ஒரு பியானோ! மெல்லத் தொட்டான். திருட வந்தவனை அந்த நாதம் திருடிக்கொண்டது.

வயதில் சின்ன குரு

பிறகு ஸியாட்டில் நகரம். அங்கே 1948-ல் குவின்ஸிக்கு ஒரு சிநேகிதன் கிடைத்தான். வயது 17. இரண்டு கண்ணும் தெரியாது. ஆனால் தன்னந்தனியாக வீடு பிடித்து, பாடிப் பிழைத்துக்கொண்டிருந்தான். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ரே சார்ல்ஸ்தான் அவன். ஒரே பாட்டைப் பல வாத்தியங்களுக்கு எப்படிப் பங்கு பிரித்துக் கொடுப்பது என்ற ரகசியத்தைக் கண்ணில்லாதவன் கண்ணுள்ளவனுக்குக் காட்டிக் கொடுத்தான்.

இன்னொரு குரு, ட்ரம்பெட் வித்வான் கிளார்க் டெர்ரி. இரவெல்லாம் கச்சேரி செய்துவிட்டுப் படுக்கப் போகும் மனுஷரை, பள்ளிக்கூடம் போகுமுன் விடியற்காலையில் வந்து எழுப்புவான் குவின்ஸி. வேறொருவராயிருந்தால் கதவைச் சாத்தியிருப்பார். டெர்ரி பாடம் சொல்லிக் கொடுத்தார். 1959-ல் குவின்ஸி சொந்தமாகக் கோஷ்டி அமைத்தபோது, அதே டெர்ரி தாம் இருந்த பெரிய கோஷ்டியை விட்டுச் சிஷ்யனிடம் வந்து சேர்ந்தார்!

பாரிஸ் அம்மாள்

அந்நாளில் அமெரிக்காவில் கறுப்பினத்தவர்களை ஜாஸுக்கு எழுதச் சொல்வார்கள். வயலின் கோஷ்டிகளுக்கு எழுத விடுவது அபூர்வம். அந்த வித்தையைத் தேடி 1957-ல் குவின்ஸி பாரிஸுக்குப் போனார். ஓர் இசைத் தட்டுக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, நாடியா பூலான்ஜே என்ற அம்மாளிடம் சிட்சை பெற்றார். அம்மாளுக்கு அப்போது 70 வயது. ஆரன் கோப்லாண்ட் போன்ற மேதைகளுக்கெல்லாம் ஆசிரியை.

ஸ்வரங்கள் மொத்தம் பன்னிரண்டுதான். அவற்றை வைத்துக்கொண்டு முன்னோர்கள் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள் - இதுதான் அம்மாளின் உபதேசம் என்று குவின்ஸி வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். நம் வீட்டுப் பெண்கள் பாட்டு வாத்தியாரிடம் கற்கும் ஸ்வர ஸ்தானங்களும் பன்னிரண்டுதானே! இன்னொன்றும் அம்மாள் சொன்னாராம்: நீ எவ்வளவு பெரிய மனிதனோ, அவ்வளவுதான் உன் சங்கீதமும்.

கடன் கற்பித்த பாடம்

குருமார்கள் சொல்லாததைக் கடன் சொல்லிக் கொடுத்தது. கோஷ்டியோடு ஐரோப்பாவுக்குப் போனார். நம்பிப் போன நாடகம் 1960 தொடக்கத்தில் நின்றுவிட்டது. வாத்தியக்காரர்கள், அவர்கள் குடும்பங்கள் என்று அத்தனை பேருக்கும் சோறு போட்டு ஊர் ஊராய்க் கச்சேரி செய்ததில், தலைக்கு மேல் கடன். கைதட்டலுக்குக் குறைவில்லை, கல்லாப் பெட்டிதான் காலி!

ஊர் திரும்பி, மெர்க்குரி என்ற கம்பெனியில் உத்தியோகம் ஏற்றார். ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்று காது கொடுத்துக் கேட்கும் வேலை. 1963-ல், தன் பிறந்த நாள் விருந்தில் தானே அழும் ஒரு பெண்ணின் பாட்டை 16 வயது லெஸ்லி கோர் என்ற மாணவியைக் கொண்டு பதிவு செய்தார். அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது அந்தத் தட்டு. அடுத்த ஆண்டே கம்பெனியில் உபதலைவர் ஆனார். கறுப்பினத்தவருக்கு அந்நாளில் அது லேசில் கிட்டாத நாற்காலி.

ட்ரம்பெட் ஓய்ந்தது

1974-ல் மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. இரண்டு ஆபரேஷன். பிழைக்க மாட்டார் என்று நண்பர்கள் அஞ்சலிக் கச்சேரிக்கே ஏற்பாடு செய்துவிட்டார்கள். அந்தக் கச்சேரிக்கு டாக்டரோடு போய் உட்கார்ந்து கேட்டார் குவின்ஸி! உயிர் தப்பியது, ஆனால் ட்ரம்பெட் ஊதக் கூடாது என்று உத்தரவு. வாசிக்க வாய் இல்லாமல் போனவருக்குக் காது மட்டும் மிச்சம்.

அந்தக் காதைத் தேடித்தான் மைக்கேல் ஜாக்ஸன் வந்தான். ஜாஸ் ஆசாமிக்கு இளவட்டங்களின் ருசி தெரியுமா என்று கம்பெனியார் தயங்கினார்கள். பையன் பிடிவாதமாக இருந்தான். 1979-ல் 'ஆஃப் த வால்', 1982-ல் 'த்ரில்லர்'. பின்னதில் கிதார் புயல் எடி வான் ஹேலனும் உண்டு. பேய்ப் படங்களில் நடித்த வின்ஸென்ட் பிரைஸின் குரலும் உண்டு. யாருக்கு எந்த இடம் என்று பங்கு பிரிக்கத் தெரிந்த கை!

1985-ல் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக, நாற்பதுக்கு மேற்பட்ட பாடகர்களை ஒரே இரவில் சேர்த்து ஒரு பாட்டுப் பதிவு செய்தார். எல்லோரும் பெரிய பெரிய புள்ளிகள். அகங்காரத்தை வாசலிலேயே விட்டு வாருங்கள் என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டார். உள்ளே நின்று பாடியவர்களில் ஒருவர், ரே சார்ல்ஸ்!

விடியற்காலையில் தூக்கத்தை விட்டு எழுந்த டெர்ரி, 70 வயதில் கறுப்புப் பையனுக்குப் பாடம் சொன்ன அம்மாள், கண்ணில்லாத தோழன் - இவர்களெல்லாம் சேர்ந்து செய்த காது அது. உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளைக்கு வேளை கெட்ட வேளையில் யார் வீட்டுக் கதவையாவது தட்டலாம். அல்லது யாராவது ஒரு பிள்ளை உங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். திறந்து விடுங்கள். ஸ்வரங்கள் பன்னிரண்டுதான், சொல்லிக் கொடுக்கும் மனசுக்குத்தான் கணக்கே இல்லை.