தட்டிப் பார்த்தால் தெரியும்

செல்லங்களே, பலாப்பழம் விற்பவர் பழத்தை வெட்டுமுன் என்ன செய்வார்? விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். ‘டங் டங்’ என்றால் காய். ‘தொப் தொப்’ என்றால் பழம். முள்ளுத் தோலுக்குள் இருப்பதை அவர் காதாலேயே பார்த்துவிடுகிறார்!

மூளையில் கட்டி வந்தவருக்கு அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரும் ஒலியைத்தான் துணைக்கு அழைக்கிறார்.

“ஸ்கேன் எடுப்பார்களே மாமா, அதில் தெரியாதா?” என்று ஒரு சுட்டி கேட்பது என் காதில் விழுகிறது. சபாஷ்! விஷயமே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனை முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். கட்டி எங்கே, எவ்வளவு பெரிது என்பதெல்லாம் அதில் தெரியும். ஆனால் மூளை நுங்கைப் போல மெத்தென்று இருக்கும். மண்டை ஓட்டுக்குள், தெளிந்த நீரில் மிதந்துகொண்டிருக்கும். கிணற்றில் நீர் இறைத்திருக்கிறீர்களா? தண்ணீருக்குள் இருக்கும்வரை குடம் கனக்காது. வெளியே வந்ததும் கை வலிக்கும். பெரியவர்களின் மூளை சுமார் 1,400 கிராம். அந்த நீரில் மிதக்கும்போது அதன் கனம் ஏறக்குறைய 50 கிராம்தான்!

இப்போது டாக்டர் மண்டை ஓட்டில் சின்ன ஜன்னல் திறக்கிறார். நீர் கொஞ்சம் வடிகிறது. மூளைக்கு என்ன ஆகும்? கொஞ்சம் யோசியுங்கள்.

ஆமாம், மெல்லத் தொய்ந்து இறங்கும். சில நேரம் 1 சென்டிமீட்டருக்கு மேலும் நகர்ந்துவிடும். கட்டியை எடுக்க எடுக்க இன்னும் நகரும். அப்புறம் நேற்று எடுத்த படத்தை எப்படி நம்புவது? ஒரு சென்டிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். நம்மைப் பேசவைக்கும் பகுதி, கட்டிக்குப் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம்.

அதனால் டாக்டருக்கு இந்த நிமிடத்துப் படம் வேண்டும். அதைத் தருவது அல்ட்ராசவுண்ட். நம் காதுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். இந்தக் கருவியின் ஒலியோ 50 லட்சம், 1 கோடி தடவைகூட அதிரும். அது உள்ளே போய் மோதி, எதிரொலியாகத் திரும்பும். 3 சென்டிமீட்டர் ஆழம் போய்வர எவ்வளவு நேரம்? ஒரு விநாடியைப் பத்து லட்சம் துண்டாக்குங்கள். அதில் சுமார் 40 துண்டு! கம்ப்யூட்டர் இதைக் கணக்கிட்டுப் படம் வரைகிறது. நீர் கறுப்பாகவும், கட்டி பெரும்பாலும் வெள்ளையாகவும் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி இனிமேல்தான். கட்டியை எடுத்த இடத்தில் ஒரு குழி இருக்கும். டாக்டர் அதில் சுத்தமான உப்புநீரை நிரப்புவார். ஏன் தெரியுமா? நடுவில் காற்று இருந்தால் இந்த ஒலி உள்ளே போகாது. நீர் இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். கருவியை அந்த நீரில் வைத்து, மிச்சம் மீதி இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு துளி ரத்தமும் வெள்ளையாகத் தெரிந்து ஏமாற்றும். அதனால் பழகிய கண் வேண்டும்.

நார்வே நாட்டின் ட்ரான்ட்ஹெய்ம் நகரில், டாக்டர்களும் பொறியாளர்களும் 1990களில் ஒன்றாக உட்கார்ந்து இதற்கென்றே ஒரு கருவியை வளர்த்தெடுத்தார்கள். அதன் பெயர் சோனோவாண்ட்.

“மண்டை ஓட்டைத் திறக்காமலே பார்க்க முடியாதா மாமா?” நல்ல கேள்வி. ஆஸ்திரியாவில் கார்ல் டூசிக் என்ற டாக்டர் அதைத்தான் முயன்றார். 1940களில் படங்களையும் வெளியிட்டார். பாவம், படத்தில் இருந்தது மூளை இல்லை, மண்டை ஓட்டின் சாயல்தான் என்று பின்னால் தெரிந்தது. எலும்பு ஒலியை அவ்வளவு தடுத்துவிடும்.

ஆனால் கைக்குழந்தைகளுக்கு மட்டும் இயற்கையே ஒரு ஜன்னல் வைத்திருக்கிறது. பாப்பாவின் உச்சந்தலையில் மெத்தென்று ஓர் இடம் இருக்குமே, உச்சிக்குழி, அதுதான். அங்கே இன்னும் எலும்பு மூடவில்லை. கருவியை மேலே வைத்தாலே போதும், மூளை தெரியும். ஒன்றரை வயதுக்குள் அது பெரும்பாலும் மூடிக்கொள்ளும். உங்கள் வீட்டில் குட்டிப் பாப்பா இருந்தால், அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அழுத்தாமல், பூவைத் தொடுவதுபோல் தொட்டுப் பாருங்கள்.